திறந்த சன்னல் என்னும் அளவுகோல்: ஒரு மண்டபச் சீரமைப்பின் வரலாறு

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் 1895 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனுள் அமைந்த விரிவுரை மண்டபம் திறந்த நாள் முதலே பாடம் நடத்தத் தகுதியற்றதாக இருந்தது. கட்டடத்தை வடிவமைத்த ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட், அக்கால அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டவர். ஆதலால் குறை அழகில் இல்லை. மேடையில் நின்று ஆசிரியர் பேசியது இருக்கையில் அமர்ந்த மாணவருக்கு விளங்கவில்லை என்பதே குறை. குரல் அவர்களை எட்டாமல் போகவில்லை. எட்டிய குரல் அடங்காமல் நின்றது. இயல்பான தொனியில் சொல்லப்பட்ட ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை வினாடி நேரம் மண்டபத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. எவ்வளவு நிதானமாகப் பேசுபவரும் அந்த ஐந்தரை வினாடிக்குள் பன்னிரண்டு முதல் பதினைந்து அசைகளை உச்சரித்துவிடுவார். ஒவ்வோர் அசையின் மேலும் முன்னர் சொல்லப்பட்ட அத்தனை அசைகளின் எச்சமும் படிந்தது. கேட்பவர் காதில் விழுந்தது பேச்சு அன்று, பேச்சின் குவியல்.

பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் இந்தக் குறையைச் சரிசெய்யும் பொறுப்பை இயற்பியல் துறையின் இளம் ஆசிரியரான வாலஸ் கிளெமென்ட் சேபினிடம் ஒப்படைத்தார். அவருக்கு அப்போது வயது 27. முனைவர் பட்டம் பெற்றவர் அல்லர். ஒலியியலில் அதற்குமுன் குறிப்பிடத்தக்க ஆய்வு எதையும் அவர் வெளியிட்டிருக்கவும் இல்லை. மூத்தவர்கள் நம்பிக்கையிழந்து ஒதுக்கிய ஒரு சிறு பராமரிப்பு வேலை என்றே அது தோற்றமளித்தது. அந்த வேலையிலிருந்துதான் கட்டட ஒலியியல் என்னும் அறிவுத்துறை பிறந்தது. பள்ளி, கல்லூரி மண்டபங்களைப் புதுப்பிக்க எண்ணும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது; ஏனெனில் அங்கே எழுந்த கேள்வி இன்றும் பெரும்பாலான இந்தியப் பள்ளி மண்டபங்களில் விடையின்றி நிற்கிறது.

சேபினுக்கு முன்பு அரங்கக் கட்டுமானத்தில் விதிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. நீள, அகல, உயரங்கள் எளிய எண் விகிதங்களில் அமைந்தால் ஒலி நன்றாக அமையும் என்றனர் சிலர். புகழ்பெற்ற ஓர் அரங்கின் வடிவத்தை அப்படியே பின்பற்றினால் போதும் என்றனர் வேறு சிலர். ஒலி சரியில்லாத மண்டபங்களில் கூரைக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளை இழுத்துக் கட்டுவது பரவலான வைத்தியமாக இருந்தது. கம்பிகளால் பயன் ஏதும் இல்லை என்பதைச் சேபின் பின்னர் தெளிவாகவே எழுதினார். இவ்விதிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. எதுவும் அளந்து பெறப்பட்டதன்று.

வடிவத்தைப் பின்பற்றினால் போதும் என்ற நம்பிக்கைக்கு ஃபாக் மண்டபமே மறுப்பாக நின்றது. அதன் அருகிலேயே ஹார்வர்டின் மற்றோர் அரங்கு, சாண்டர்ஸ் அரங்கு, இருபது ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருந்தது. பேச்சும் இசையும் அங்கே தெளிவாகக் கேட்டன. ஃபாக் மண்டபத்தின் பொது வடிவம் சாண்டர்ஸ் அரங்கை ஒத்தே அமைந்தது. ஒன்று சிறந்தது, மற்றொன்று பயனற்றது என்றால் வேறுபாடு எங்கே இருக்கிறது? சாண்டர்ஸ் அரங்கின் உட்புறம் மரத்தால் ஆனது. ஃபாக் மண்டபத்தின் உட்புறமோ ஓட்டின் மேல் பூசிய சாந்து. வேறுபாட்டை மரத்தின் கணக்கில் மட்டும் வைத்துவிடலாம் என்று பலர் எண்ணினர். அந்த விளக்கத்தைச் சேபின் போதுமானதாக ஏற்கவில்லை. சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைகளில் மெத்தைகள் இருந்தன. அவற்றை எடுத்து வந்து ஃபாக் மண்டபத்தில் இட்டால் என்ன நேரும் என்று பார்ப்பதே அவர் தேர்ந்த வழி.

அவர் கையில் இருந்த கருவிகள் மிகச் சில. வினாடிக்கு 512 அதிர்வுகள் எழுப்பும் ஓர் ஆர்கன் குழல், நேரத்தைப் பதியும் ஒரு கருவி, பழக்கப்பட்ட காது. குழலை ஊதி நிறுத்தியதும் ஒலி முற்றிலும் மறையும் கணம் வரை எத்தனை வினாடி செல்கிறது என்று அளந்தார். தமிழ்ப் பாடநூல்கள் எதிர்முழக்க நேரம் என்று குறிப்பது இதனையே. மிக மெல்லிய ஒலியின் கடைசி நுனியைக் காதால் பிடிக்க வேண்டியிருந்ததால் பகலில் இவ்வேலை நடவாது. டிராம் வண்டிகளும் மனித நடமாட்டமும் ஓய்ந்த பின், நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்திலேயே அளவீடுகள் நடந்தன. இரவில் மெத்தைகள் சுமந்து வரப்படும், சில மீட்டர் நீளத்துக்கு மெத்தை விரிக்கப்படும், குழல் ஒலிக்கும், நேரம் குறிக்கப்படும், மேலும் சில மீட்டர் விரிக்கப்படும். மெத்தை இல்லாதபோது ஐந்தரை வினாடியைத் தாண்டிய நேரம், மெத்தைகள் கூடக்கூடச் சீராகக் குறைந்து வந்தது. சாண்டர்ஸ் அரங்கின் மெத்தைகள் அனைத்தும் உள்ளே வந்து நிறைந்தபோது அது ஒரு வினாடியைச் சற்றே தாண்டிய அளவில் நின்றது. சுவர் இடிக்கப்படவில்லை. கூரை மாற்றப்படவில்லை. ஒரு கல்லும் நகரவில்லை. ஆயினும் மண்டபம் வேறாகிவிட்டது.

இந்த ஆய்வின் இடையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி, ஆய்வு மாணவர் ஒவ்வொருவரும் நினைவில் கொள்ளத்தக்கது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைச் சேபின் ஒரு கட்டத்தில் முழுவதுமாகத் தள்ளிவைத்தார். காரணம் அவர் அணிந்திருந்த ஆடை. அளவீட்டின்போது மண்டபத்தில் இருந்த அவர் உடலும், உடலின் மேல் இருந்த துணியும் ஒலியை விழுங்கின. ஆடை மாறினால் அளவும் மாறியது. அதன்பின் அளவெடுக்கும் ஒவ்வோர் இரவும் ஒரே வகையான ஆடையை, ஒரே எண்ணிக்கையில் அணிந்துகொண்டே அவர் மண்டபத்துக்குள் சென்றார். அளப்பவன் அளக்கப்படும் பொருளுக்கு வெளியே நிற்கிறான் என்ற எண்ணம் ஒரு மேற்சட்டையின் தடிமனில் உடைந்து போயிற்று. இதன் மறுபக்கம் மேலும் முக்கியமானது. ஒரு மனிதர் மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் அந்த மண்டபம் மாறுகிறது. கேட்போர் மண்டபத்தை நிரப்புபவர்கள் மட்டும் அல்லர்; கட்டடத்தின் ஒரு பகுதியும் ஆவர்.

தொடக்கத்தில் மெத்தையின் நீளமே சேபினின் அளவலகாக இருந்தது. ஆனால் சாண்டர்ஸ் அரங்கின் மெத்தை உலகில் எல்லார்க்கும் கிடைப்பதன்று. எந்த ஊரிலும் எந்த மண்டபத்துக்கும் பொருந்தும் அலகு வேண்டியிருந்தது. அவர் திறந்த சன்னலைத் தேர்ந்தார். திறந்திருக்கும் ஒரு சன்னலை அடைந்த ஒலி வெளியே போய்விடுகிறது; திரும்பி வருவதில்லை. ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் எவ்வளவு ஒலியை அகற்றுமோ அதனை 1 என்று கொண்டு, சாந்துச் சுவர், மரப்பலகை, கம்பளம், மனிதர் என எல்லாவற்றையும் அதனோடு ஒப்பிட்டு எண் கொடுத்தார். அவர் கணக்கின்படி அவையில் அமர்ந்த ஒருவர் 0.44 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். சாந்துச் சுவரோ தன்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கை மட்டுமே விழுங்கி, எஞ்சியதைத் திருப்பி அனுப்பிவிடும்.

1898 இல் இவ்வளவும் சேர்ந்து ஒரே வாய்பாடாக உருப்பெற்றது. மண்டபத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, உள்ளிருக்கும் பொருள்களின் மொத்த உட்கவர்தலால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். அளவுகள் மீட்டரில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மண்டபம் பெரிதாகப் பெரிதாக முழக்கம் நீளும். விழுங்கும் பரப்பு கூடக்கூட முழக்கம் குறையும். அதே ஆண்டு ஃபாக் மண்டபத்தின் சுவர்ப்பகுதிகளில் மயிர்க்கம்பளி பொருத்தப்பட்டது. மண்டபம் மிகச் சிறந்ததாகிவிட்டது என்று சேபின் உரிமை கொண்டாடவில்லை. நன்கு பயன்படத் தக்கதாயிற்று என்பதே அவர் தம் ஆய்வுரையில் பதிந்த மதிப்பீடு. அடுத்து அவர் ஆலோசகராக இருந்து உருவான பாஸ்டன் சிம்பொனி மண்டபம் 1900 இல் திறக்கப்பட்டது. கட்டி முடிப்பதற்கு முன்பே கணக்கிட்டு ஒலியமைப்பு தீர்மானிக்கப்பட்ட முதல் இசை மண்டபம் அது. கேட்போர் நிறைந்த நிலையில் 2.31 வினாடி வரும் என்று அவர் கணித்தார். பிற்காலத்தார் அளந்தபோது ஏறத்தாழ 1.9 வினாடியே வந்தது. அவையோர் எவ்வளவு ஒலியை விழுங்குவர் என்பதை அவர் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார். முன்னோடியின் கணக்கிலும் கடைசிவரை பிடிபடாமல் நின்றது கேட்கும் மனிதனின் பங்குதான்.

மண்டபத்தின் அளவைக் கேட்பவரிடமிருந்து தொடங்கிக் கணக்கிடும் சிந்தனை இந்திய மரபுக்குப் புதிதன்று. பரதரின் நாட்டிய சாத்திரத்தில் இரண்டாம் இயல் முழுவதும் நாடக மண்டபத்தைப் பற்றியது. நீள்சதுரம், சதுரம், முக்கோணம் என மூன்று வடிவங்களும், பெரிது, இடைநிலை, சிறிது என மூன்று அளவுகளும் அங்கே வகுக்கப்படுகின்றன. மனிதருக்கு ஏற்றது இடைநிலை மண்டபமே என்று நூல் பரிந்துரைக்கிறது. அதன் நீளம் 64 முழம், அகலம் 32 முழம். பரிந்துரைக்குச் சொல்லப்படும் காரணம் சடங்கு சார்ந்ததாக இல்லை. மண்டபம் மிகப் பெரிதானால் பாத்திரங்கள் பேசும் சொல் தெளிவிழந்து சிதையும்; முகத்தில் தோன்றும் மெய்ப்பாடு கண்ணுக்குப் புலப்படாது. காதும் கண்ணும் எட்டும் தொலைவே மண்டபத்தின் எல்லை என்பதே அந்நூலின் நிலைப்பாடு. மண்டபம் மலைக்குகை போன்று அமையவேண்டும். சன்னல்கள் சிறியனவாக இருக்கவேண்டும். காற்று வீசி ஒலியைக் குலைக்கக் கூடாது. குரலும் இசைக்கருவிகளும் கம்பீரமாக ஒலிக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. சுவர் எழுப்பிய பின் செதுக்கு வேலைப்பாடுடைய மரப்பணி உள்ளே இடம்பெற வேண்டும் என்பதும் அதன் விதி. செதுக்கிய மரப்பரப்பு ஒலியைப் பல திசைகளில் சிதறடிக்கும் என்பதை இன்றைய ஒலியியல் அறியும். அந்த விதியை எழுதியவர்கள் எண்களால் அளக்கவில்லை. ஆனால் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

கேரளத்துக் கோயில்களின் கூத்தம்பலங்கள் இத்தகைய அறிவின் வாழும் சான்றுகள். திருச்சூர் வடக்குநாதர் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கம் கோயிலிலும் உள்ள கூத்தம்பலங்களில் உயர்ந்து சரிந்த மரக்கூரையும், சுற்றிலும் மர அழிகளும், தூண்களும் அமைந்துள்ளன. ஒலிபெருக்கி இல்லாமலே சாக்கியாரின் சொல்லும் மிழாவின் முழக்கமும் ஒன்றையொன்று விழுங்காமல் அங்கே கேட்கின்றன. மர அழி என்பது கிட்டத்தட்ட திறந்த சன்னல்களாலான சுவர் என்று சேபின் மொழியில் சொல்லலாம். 1930 இல் தோன்றிய கேரள கலாமண்டலம் என்னும் கலைப்பள்ளியில், 1965 இல் பைங்குளம் ராம சாக்கியாரின் பொறுப்பில் கூடியாட்டப் பயிற்சி தொடங்கியது. கோயில் மதிலுக்குள் குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உரியதாக இருந்த கலை வகுப்பறைக்கு வந்தது. அடுத்த பத்தாண்டில் கூத்தம்பலமும் அந்தப் பள்ளி வளாகத்துக்குள் எழுந்தது. கலை இடம் மாறியபோது அதன் காதையும் உடன் கொண்டு வரவேண்டும் என்று அங்கிருந்தோர் உணர்ந்திருந்தனர்.

பொதுவான பள்ளிகளுக்கு அந்த உணர்வு வந்து சேரவில்லை. இந்தியப் பள்ளி மண்டபம் பெரும்பாலும் ஒரே கூடத்தில் பல கடமைகளைச் சுமப்பது. காலை வழிபாடு, தேர்வு, பேச்சுப்போட்டி, ஆண்டுவிழா, பெற்றோர் கூட்டம், மழை நாளில் விளையாட்டு எல்லாம் அங்கேதான். 30 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட கூடம் வழக்கமான அளவு. முழம் ஒன்றை 45 சென்டிமீட்டர் என்று கொண்டால் பரதர் பரிந்துரைத்த இடைநிலை மண்டபமும் ஏறக்குறைய இதே அளவுதான். ஆகவே அளவில் பழுதில்லை. பழுது பொருளில் இருக்கிறது.

கணக்கிட்டுப் பார்க்கலாம். மேற்சொன்ன கூடத்தின் உயரம் 7 மீட்டர் எனில் கன அளவு 3150 கன மீட்டர். தளம், கூரை, நான்கு சுவர்கள் சேர்ந்து 1530 சதுர மீட்டர் பரப்பு. எல்லாம் சிமெண்டுப் பூச்சும் கல்தளமும் என்றால் நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் அவை விழுங்குவது 46 அலகு. திறந்த சன்னல்கள் 30 சதுர மீட்டர் என்று வைத்தால் மொத்தம் 76. வாய்பாட்டின்படி காலியான கூடத்தில் எதிர்முழக்கம் 6.7 வினாடி. ஃபாக் மண்டபத்தைவிட மோசம். ஐந்நூறு பேர் வந்து அமர்ந்தால் அவர்கள் 220 அலகு சேர்ப்பார்கள், நேரம் 1.7 வினாடிக்கு இறங்கிவிடும். ஆண்டுவிழா அன்று விருந்தினர் எவரும் குறை சொல்லாமல் போவதன் இரகசியம் இதுதான். ஆனால் அதே கூடத்தில் இருபது மாணவர் நாடக ஒத்திகை பார்க்கும்போது, அல்லது பேச்சுப்போட்டியின் முதல் சுற்றில் சிலர் மட்டுமே இருக்கும்போது அது 6 வினாடியாக ஏறிவிடுகிறது. விழா ஆண்டுக்கு ஒரு நாள். ஒத்திகையும் பயிற்சியும் ஆண்டு முழுவதும். மண்டபம் யாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குத்தான் அது செவிடாக நிற்கிறது.

இந்நிலையில் நடைபெறும் வழக்கமான புதுப்பித்தல் நிலைமையை இன்னும் கெடுக்கிறது. குளிரூட்டி பொருத்துவதற்காகச் சன்னல்கள் நிரந்தரமாக மூடப்படுகின்றன. 30 அலகு போய்விட்டது. ஒத்திகை நேரத்து எதிர்முழக்கம் இப்போது 9 வினாடியைத் தாண்டும். தூய்மைக்காகச் சுவர்களில் ஆளுயரத்துக்குப் பளபளப்பான ஓடு பதிக்கப்படுகிறது. பழைய மரமேடைக்குப் பதிலாகக் கருங்கல் மேடை வருகிறது. பேச்சு விளங்கவில்லை என்ற முறையீடு எழுந்தவுடன் கூடுதல் ஒலிபெருக்கிகள் வாங்கப்படுகின்றன. ஒலிபெருக்கி பேச்சை உரக்க ஆக்கும். உரத்த பேச்சின் எச்சமும் அதே அளவு உரக்கும். முழக்கம் ஒரு வினாடியும் குறைவதில்லை. திறப்பு விழாப் புகைப்படத்தில் புதிய ஓடும் புதிய விளக்கும் தெரியும், ஒலி தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்கே நன்கொடையும் நிதி ஒதுக்கீடும் கிடைக்கும் சூழலில் காதுக்கு உரியது பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்படுகிறது, அல்லது பட்டியலிலேயே இடம்பெறுவதில்லை.

முழக்கத்தில் அழிவது பேச்சின் எந்தப் பகுதி என்பதை மொழியியல் துல்லியமாகச் சொல்ல முடியும். உயிரொலிகள் வலிமையானவை, நீளமானவை, அவை தப்பிவிடும். மெய்யொலிகள் மெல்லியவை, குறுகியவை. முந்தைய உயிரின் எச்சம் அவற்றின்மேல் படிந்து மூடிவிடும். மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ் இலக்கணம் வகுத்த கணக்கை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 'படம்' என்பதற்கும் 'பட்டம்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு வகிப்பது நடுவில் காற்று அடைபடும் ஒரு சிறு மௌனம். இந்தியில் முகவரியைக் குறிக்கும் 'பதா', இலையைக் குறிக்கும் 'பத்தா' ஆகிய சொற்களைப் பிரிப்பதும் அதே மௌனம்தான். அது ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு நீடிப்பதாகக் கொள்வோம். எதிர்முழக்கம் ஒரு வினாடியாக உள்ள மண்டபத்தில் அந்த இடைவெளிக்குள் முந்தைய ஒலி ஏறத்தாழ 9 டெசிபல் இறங்கிவிடும்; காது மௌனத்தை உணரும். எதிர்முழக்கம் ஆறு வினாடியாக உள்ள மண்டபத்தில் ஒன்றரை டெசிபல்கூட இறங்காது. மௌனம் இருக்க வேண்டிய இடத்தை முன் உயிரின் ஓசை நிரப்பிவிடும். பேசியவர் ஒற்றைச் சரியாகவே உச்சரித்திருப்பார்; மண்டபம் அதை அழித்துவிட்டிருக்கும்.

மொழியை நன்கு அறிந்த பெரியவர், கேளாமல் போன ஒலியைச் சூழலைக் கொண்டு ஊகித்து நிரப்பிக்கொள்வார். அதனால் நிர்வாகக் குழுவினர் முன் வரிசையில் அமர்ந்து கேட்கும்போது குறை பெரிதாகத் தோன்றாது. சிறு குழந்தைகளுக்கு அந்த ஊகத்திறன் முழுமையாக வளர்ந்திருக்காது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறு மொழியும் கேட்கும் மாணவருக்கு நிலைமை இன்னும் கடினம். முழக்கத்திலும் இரைச்சலிலும் தாய்மொழியல்லாத மொழியைப் புரிந்துகொள்வது தாய்மொழியைவிட விரைவாகச் சரியும் என்பது பல ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்ட முடிவு. செவித்திறன் குறைந்த மாணவரின் கருவி பேச்சையும் முழக்கத்தையும் சேர்த்தே பெருக்கித் தரும். பல மொழிகள் ஒரே கூரையின் கீழ் சந்திக்கும் நாடு இந்தியா. இங்கே மோசமான மண்டபம் எல்லாரையும் சமமாகத் தண்டிப்பதில்லை. ஏற்கெனவே பின்தங்கியவரின் காதிலிருந்தே அது முதலில் சொல்லைப் பறிக்கிறது. பின்பு அந்த மாணவர் கவனமற்றவர் என்று பெயர் வாங்குகிறார்.

முழக்கத்தைக் குறைப்பது எளிது என்று துணியும் நுரையும் வாங்கி ஒட்டுவதிலும் ஆபத்து உண்டு. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் ஓர் இசை விடுதி தீப்பிடித்து 100 பேர் உயிரிழந்தனர். ஒலியைத் தணிப்பதற்காக மேடையைச் சுற்றிச் சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பொருளில் வாணவேடிக்கைப் பொறி பட்டதே தொடக்கம். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பு, 1995 டிசம்பர் 23 அன்று, அரியானாவின் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டுவிழா கூடாரப் பந்தலுக்குள் நடந்துகொண்டிருந்தபோது தீ பரவி நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளும் பெண்களும். பள்ளிக்கு நல்ல மண்டபம் வேண்டும் என்ற கோரிக்கை ஆடம்பரம் என்று கருதப்படும்போது டப்வாலி நினைவுக்கு வரவேண்டும். அந்த மண்டபத்துக்குள் ஒட்டப்படும் ஒவ்வொரு பொருளும் எளிதில் தீப்பற்றாதது என்று சான்று பெற்றிருக்க வேண்டும் என்பதும் அதே நினைவின் மறுபாதி.

இவ்வளவுக்கும் பெருஞ்செலவு தேவை என்பதில்லை. மேற்சொன்ன கூடத்தின் கூரையில் 200 சதுர மீட்டர் பரப்பில், நூற்றுக்கு எழுபது பங்கு விழுங்கும் தீப்பற்றாத கனிமநார்ப் பலகைகளைப் பொருத்தினால் சன்னல்கள் திறந்த நிலையில் ஒத்திகை நேரத்து எதிர்முழக்கம் 6 வினாடியிலிருந்து 2.3 வினாடிக்கு இறங்கும். ஐந்நூறு பேர் நிறைந்த நிலையில் 1.2 வினாடி வரும். பின்சுவரிலும் கொஞ்சம் சேர்த்தால் இன்னும் தெளியும். இருக்கைகளில் மெத்தை இருந்தால் காலிக் கூடத்துக்கும் நிறைந்த கூடத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு சுருங்கும். ஒத்திகையில் கேட்டதே விழாவிலும் கேட்கும். அரங்குகளின் ஒலியமைப்புக்கென இந்தியாவில் தனித் தர விதி 1963 இலேயே வெளியிடப்பட்டது. அறிவுக்கு இங்கே தட்டுப்பாடு இருந்ததில்லை. சுவரைத் தொடுவதற்குமுன் அதனைக் கேட்டுப் பார்க்கும் பழக்கத்துக்குத்தான் தட்டுப்பாடு.

அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்கலாம். கூடம் காலியாக உள்ளபோது ஒருவர் மேடையில் நின்று கைதட்ட, மற்றொருவர் கடைசி வரிசையில் நின்று ஓசை அடங்கும் நேரத்தைக் குறிக்கலாம். ஒரு மாணவர் பொருளால் தொடர்பற்ற ஐம்பது தனிச்சொற்களை வாசிக்க, மற்ற மாணவர் பல இடங்களில் அமர்ந்து காதில் விழுந்ததை எழுதலாம். எந்த வரிசையில் எந்தச் சொற்கள் பிழைபட்டன என்ற பட்டியல், எந்தப் பொறியாளர் அறிக்கைக்கும் நல்ல முன்னுரையாகும். இயற்பியல் ஆசிரியருக்கும் மொழியாசிரியருக்கும் சேர்ந்து நடத்தக் கிடைத்த அரிய பாடமும் ஆகும். சீரமைப்பு முடிந்த பின் அதே சொற்களை அதே இடங்களில் மீண்டும் சோதித்தால், செலவிட்ட பணம் காதுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரிந்துவிடும்.

1919 இல், ஐம்பதாவது வயதில், சேபின் காலமானார். அருங்காட்சியகம் 1927 இல் புதிய கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய கட்டடம் ஹண்டின் பெயரோடு சில பத்தாண்டுகள் நின்று, மாணவர் விடுதி ஒன்றுக்கு இடம்விட்டு 1973 இல் இடிக்கப்பட்டது. மெத்தைகள் சுமந்து செல்லப்பட்ட அந்த மண்டபம் இன்று இல்லை. ஒலி உட்கவர்தலின் அலகு மட்டும் சேபின் என்ற பெயரால் வழங்குகிறது. ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒரு மீட்டர்முறைச் சேபின். புதுப்பித்தல் என்ற பெயரில் ஒரு பள்ளி தன் மண்டபத்தின் சன்னலை மூடத் தொடங்கும்போது, எத்தனை சேபின் வெளியேறுகிறது, அதற்கு ஈடாக எது உள்ளே வருகிறது என்று கடைசி வரிசை மாணவரின் சார்பில் ஒருவராவது கேட்க வேண்டும்.